பொன்வண்டின் பச்சை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அங்கப்ப பத்தரைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளிக் கொலுசில் அவர் உளி வைத்தால் கோடு தானாக ஓடும். வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடி போட்டதே போன வருஷம்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு மாசி மாதத்துக் காலையில், மடியில் ஒரு குங்குமச் சிமிழோடு ஏற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சிமிழை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பத்தர் தேடிப் போனது எனாமல் வேலை செய்கிற ஒருவரை. வெள்ளித் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பரப்பி, சூளையில் உருக்கி, நகைக்கு நிறம் ஏற்றுகிற வேலை அது. ஏற்காட்டில் ஒருவர் இலையையும் பூச்சியையும் பார்த்து அப்படியே நகையாகச் செய்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

காப்பிக்கொட்டை காயப்போடுகிற களத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. ஜன்னலோரம் செய்துவைத்த சாமான்கள் வரிசையாக இருந்தன. காப்பிப் பூ, மிளகுச் சரம், ஒரு நத்தை, தேன்சிட்டின் கழுத்து மட்டும். பத்தர் தேன்சிட்டின் கழுத்தைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க. யாரைப் பார்க்கணும்?"

"எனாமல் டீச்சரைப் பார்க்கோணும் அம்மணி. அப்பா இருக்காருங்களா?"

"அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு. அவரு பேக்கரி வச்சிருந்தாரு. டீச்சர் நான்தான்."

பத்தருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டீச்சருக்கு ஜெசிந்தா என்று பெயர், முப்பத்து நாலு வயது. பத்தரின் மகளைவிட நாலு வயது சின்னவர். பத்தர் சிமிழைத் திறந்து நீட்டினார். பஞ்சின் மேல் பொன்வண்டின் இறக்கை ஓடுகள் இரண்டு கிடந்தன. வண்டு செத்து எத்தனையோ வருஷம் இருக்கும். பச்சை அப்படியே இருந்தது.

"இந்தப் பச்சை வேணுமுங்க. வெள்ளியில இதே மாதிரி ஒரு பொன்வண்டு செய்யோணும். பங்குனி இருபதுக்குள்ள."

"யாருக்கு?"

பத்தர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஒருத்தருக்குங்க."

"செஞ்சு வாங்கிட்டுப் போக வந்தீங்களா, கத்துக்க வந்தீங்களா?"

"என் கையாலதாங்க செய்யோணும்."

"அப்ப கையைக் கழுவிட்டு வாங்க, பத்தரே."

கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார். மறுபடியும் போய்க் கழுவினார். அம்மணி என்று கூப்பிட்டது அன்றோடு சரி. மறுநாளிலிருந்து டீச்சர் என்றார்.

பத்தருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானை முடித்தாலும் கடைசியாகக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு கட்டைவிரலுக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் பத்தர்கள் எல்லாரும் செய்வதுதான். அது இல்லாமல் வேலை முடிந்ததாக அவர்களுக்கு மனசு ஒப்பாது.

முதல் தகட்டில் பொடி வைத்துச் சூளையில் விட்டார். வெளியே வந்தபோது நடுவில் கண்ணாடி ஒட்டாமல் சொட்டையாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"பொடி சரியில்லைங்க டீச்சர்."

ஜெசிந்தா புதுத் தகடு ஒன்றைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து நீட்டினார்.

"எப்பவும் போல ஒரு தடவை தடவுங்க."

பத்தர் தடவினார். ஜெசிந்தா அதன் மேல் நீலப் பொடியைச் சீராகப் பரப்பி, சூளைக்குள் வைத்து எடுத்தார். ஆறியதும் தகடு முழுக்க நீலம். நடுவில் மட்டும் முட்டை வடிவத்தில் வெறும் வெள்ளி. பத்தர் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். அளவு அச்சாகச் சரியாக இருந்தது.

"விரல்ல இருக்கற எண்ணெய்ப் பசைங்களா?"

"ஆமா."

"முப்பத்தெட்டு வருஷமா இந்த விரல்தாங்க எனக்குச் சோறு போட்டுது."

"சாப்பிடறதுக்கு வச்சுக்கோங்க," என்றார் ஜெசிந்தா.

பத்தருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து குறடால்தான் தகட்டைத் தொட்டார்.

சூளைக்குள் எட்டிப் பார்க்கிற நாள் வந்தது. ஜெசிந்தா கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பிடித்தார். உள்ளே பழுக்கக் காய்ந்த சிவப்பு. தகட்டின் மேல் பொடி ஈரம் காய்ந்த ரவை மாதிரி கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்தது. குழைந்தது. மேடும் பள்ளமுமாக ஆரஞ்சுத் தோல் போல ஆனது. பிறகு ஒரே நொடியில் தண்ணீர்.

"உருகிட்டுதுங்க," என்றார் பத்தர். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

வெளியே எடுத்து வைத்தார்கள். முதலில் நெருப்பின் நிறம். அப்புறம் கறுப்பு. பத்தர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஓரத்திலிருந்து விலகியது. பச்சை ஒன்று கரையிலிருந்து நடுவை நோக்கி மெல்ல நடந்து வந்தது.

வாழ்நாள் முழுக்க வெள்ளியை உருக்கியவர் அவர். வெள்ளி வெள்ளையாக உள்ளே போகும், வெள்ளையாக வெளியே வரும். இது மண்ணாகப் போய்க் குளமாக வருகிறது. பத்தருக்குக் கையெல்லாம் புல்லரித்திருந்தது. முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டார்.

"தினமும் இப்படித்தான் இருக்குமுங்களா?"

"தினமும் இப்படித்தான். தினமும் பயமாத்தான் இருக்கும்."

அலமாரியில் நாற்பத்திரண்டு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். பச்சையிலேயே ஒன்பது. பத்தர் ஒன்பதையும் வைத்துச் சுட்டுப் பார்த்தார். ஒன்று இலைப்பச்சை, ஒன்று கிளிப்பச்சை, ஒன்று பாட்டில் பச்சை. பொன்வண்டின் பச்சை மட்டும் இல்லை.

"டீச்சர், அந்தப் பச்சை எந்த டப்பாவுலங்க இருக்கு?"

"டப்பாவுல இல்லீங்க."

"பின்னே?"

"தினமும் அரை மணி நேரம் அந்த இறக்கையைப் பாருங்க."

பத்தர் பார்த்தார். இரண்டு நிமிஷம் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். பார்த்துக்கொண்டே இருந்தால் நிறம் வந்துவிடுமா என்ன? டீச்சர் மறைக்கிறார் என்றுதான் அவருக்குப் பட்டது. பத்தரைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளியைப் பற்றவைக்கிற பொடியில் எது எத்தனை பங்கு என்று சொந்த மைத்துனருக்கே சொல்லாதவர் அவர். தொழிலில் எல்லாருக்கும் ஒரு மறைப்பு இருக்கும் என்பது அவர் கண்ட உலகம்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். டப்பாவில் இல்லை என்பதே பதில்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். நாள் போய்க்கொண்டிருக்கிறதே என்று பத்தர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். டீச்சர் கொடுத்துவைத்திருந்த சாவி ஒன்று அவரிடம் இருந்தது.

சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளியோ தங்கமோ, சும்மா பார்த்தால் எதுவும் தெரியாது. உரைக்க வேண்டும். வெட்ட வேண்டும். உருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். பத்தர் படித்த படிப்பு அது. பச்சை இந்த இறக்கையில் இருக்கிறது. அப்படியானால் இதிலிருந்து அதை எடுத்துவிட வேண்டியதுதானே.

ஒரு இறக்கையை எடுத்துக் கல்வத்தில் போட்டார். குழவியை வைத்து அழுத்தினார். நொறுங்குகிற சத்தம் கேட்டது. பச்சைத் துணுக்குகள் மின்னின. பத்தருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வேகமாக அரைத்தார். மின்னல் குறைந்தது. இன்னும் அரைத்தார். அரைக்க அரைக்கப் பச்சை ஓடி ஒளிந்தது. கடைசியில் கல்வத்தில் மிஞ்சியது ஒரு சிட்டிகை மூக்குப்பொடி.

அப்போதும் விடவில்லை. நெருப்பில் வெளியே வரும் என்று நினைத்தார். நிறமில்லாத கண்ணாடிப் பொடியோடு கலந்து தகட்டில் வைத்துச் சூளையில் விட்டார். முடி கருகின நாற்றம் அடித்தது. வெளியே எடுத்தபோது புண்ணுக்கு மேல் பொருக்குத் தட்டின மாதிரி ஒரு கறுப்பு.

பத்தர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பூசை முடிந்து வந்த ஜெசிந்தா வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"என்ன எரிஞ்சுது?"

"பச்சையைத் தேடினேனுங்க."

ஜெசிந்தா கல்வத்தைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். சிமிழுக்குள் பார்த்தார். கோபப்படுவார் என்று பத்தர் காத்திருந்தார். ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இது யாரோடதுங்க பத்தரே?"

"எம் பொண்ணோடதுங்க. கோகிலவாணி." பத்தர் சிமிழை மூடினார். "ஒம்பது வயசு அப்ப. தீப்பெட்டியில இந்த வண்டை வச்சு வளர்த்துட்டு இருந்தா. கொன்னை எலை பறிச்சுட்டு வந்து போடுவா. நாள் பூரா என் பட்டறையிலதான் கெடப்பா. ஒரு நாளு கல்யாணச் சாமான், அவசர வேலை. மூசையில வெள்ளியை உருக்கிக் கையில எடுக்கறேன், வண்டு பறந்து வந்து மூஞ்சியில மோதுச்சு. கை தவறிக் கொட்டிப்போச்சு. கோவமுங்க. புடிச்சுச் செவுத்துல அடிச்சுட்டேன்."

ஜெசிந்தா கல்வத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவ அழுவலைங்க. அழுதிருந்தா நான் சமாதானம் பண்ணியிருப்பேன். பாத்துட்டு எந்திரிச்சு வெளிய போனா. அதுக்கப்புறம் பட்டறைப் படியை மிதிக்கலை. இருபத்தொம்பது வருஷமாச்சு. சண்டைன்னு ஒண்ணுமில்லைங்க. படிச்சா, வேலைக்குப் போனா, கல்யாணமாச்சு, ஓசூர்ல வீடு வாங்கினா. எல்லாம் மரியாதையாத்தான். நான் செஞ்ச கொலுசை மட்டும் ஒரு நாளும் கால்ல போடலை. போன்ல நான் எடுத்தா, 'அம்மாகிட்ட குடுங்கப்பா'ம்பா. அவ்வளவுதான் எங்க பேச்சு."

"பங்குனி இருபது?"

"ஜெர்மனி போறாங்க, குடும்பத்தோட. அங்கயே தங்கறாப்பலயாம். இந்த எறக்கையை எஞ் சம்சாரம் அன்னைக்கே பொறுக்கி எடுத்து வச்சிருக்கா. எனக்குப் போன மாசந்தான் காட்டினா. பொண்ணு ஊருக்குப் போறதுக்குள்ள இதைத் திருப்பிக் குடுத்தரலாம்னு ஒரு ஆசை. இப்ப இதையும் அரைச்சுப்புட்டேன்."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வயசில் ஒரு ஆள் அப்படி அழுவதைப் பார்க்க யாருக்கும் தாங்காது. ஜெசிந்தா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இன்னொரு இறக்கை இருக்கில்ல?"

"இருக்குங்க."

ஜெசிந்தா அதை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். பத்தரை ஒரு பக்கம் ஸ்டூலில் உட்காரச் சொன்னார். தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

"என்ன நெறம் தெரியுது?"

"கறுப்பா இருக்குங்க."

"எனக்குப் பச்சை."

பத்தர் நம்பாமல் பார்த்தார்.

"எந்திரிங்க. நான் அங்க வர்றேன், நீங்க இங்க வாங்க."

இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

"இப்ப?"

"பச்சைங்க. நல்ல பச்சை. உங்களுக்கு?"

"கறுப்பு."

மறுபடியும் மாறினார்கள். அப்புறம் ஒரு தடவை. பூசைக்குக் கட்டின பட்டுச்சேலையோடு டீச்சரும், அழுத கண்ணோடு பத்தரும், சின்னப் பிள்ளைகள் நாற்காலி விளையாடுகிற மாதிரி நாலைந்து தடவை எழுந்து உட்கார்ந்தார்கள். இறக்கை ஜன்னல் கட்டையில் அசையாமல் கிடந்தது.

"அப்ப நெறம் எங்கதாங்க இருக்கு டீச்சர்?"

ஜெசிந்தா ஒரு வெள்ளித் தகட்டையும் பத்தரின் சொந்த உளியையும் எடுத்து முன்னால் வைத்தார்.

"கோடு போடுங்க."

"எனாமல் கோடுங்களா?"

"நீங்க கொலுசுல போடற அதே கோடுதான். ஒண்ணொண்ணும் முடி கனம் இருக்கட்டும். எல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு இருக்கட்டும். எனக்கு அந்த மாதிரி போட வராது."

பத்தர் நிமிர்ந்து பார்த்தார். தனக்கு வராது என்று சொல்கிற குருவை அவர் அதுவரை பார்த்ததில்லை.

வண்டின் முதுகு மாதிரி தகட்டை வளைத்துக்கொண்டு கோடு போட ஆரம்பித்தார். மூன்று நாள் போட்டார். ஓரத்தில் மட்டும் தங்க ரேக்கு ஒரு இழை பதித்தார். வெயில் படும்போது கோடுகள் ஒரு பக்கம் எரிந்தன, மறு பக்கம் அணைந்தன. அதன் மேல் வைக்க ஜெசிந்தா கொடுத்த பொடியில் பச்சை இருப்பதாகவே தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"இதுல நெறமே இல்லீங்களே."

"வைங்க."

ஒரு பூச்சு, வெங்காயச் சருகைவிட மெல்லிசு. சூளையில் வைத்து எடுத்தார். ஆறவைத்துக் கழுவினார். மறுநாள் இன்னொரு பூச்சு. மூன்று முடிந்தும் பச்சை இல்லை. நாலில் ஒரு சந்தேகம் மாதிரி தெரிந்தது. ஐந்தில் பத்தர் சத்தமாக மூச்சு விட்டார்.

ஆறாவது பூச்சு வெந்து வெளியே வந்ததும் அவசரம் பொறுக்கவில்லை அவருக்கு. சீக்கிரம் ஆறட்டும் என்று ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். மலைக்காற்று ஒன்று வீசியது. டிக் என்று ஒரு சத்தம். கழுத்திலிருந்து வால்வரை ஒரு விரிசல்.

அன்று பங்குனி ஏழு.

ஜெசிந்தா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கோடு ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார்.

"ஒடைஞ்சு போச்சுங்களே டீச்சர்."

"ஆமா. கண்ணாடி அதுக்கு இஷ்டப்பட்ட நேரத்துலதான் ஆறும். அடுத்ததுக்குத் தகடு எடுக்கட்டுமா?"

அன்றைக்குப் பத்தருக்குச் சோறு இறங்கவில்லை. பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. கொண்டுவந்த தூக்குவாளியை அப்படியே மூடி வைத்துவிட்டு உளியைக் கையில் எடுத்தார். இரண்டாவது வண்டுக்குக் கோடு போட இரண்டு நாள்தான் பிடித்தது. பூச்சு வைத்தார், எடுத்தார், ஆறும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனை பூச்சு என்று டீச்சரிடம் கேட்பதை விட்டுவிட்டார். டப்பாவைப் பற்றியும் கேட்கவில்லை. டீச்சர் சொல்லாமலே தினமும் அந்த இறக்கையை அரை மணி நேரம் பார்த்தார். சில நாள் அரை மணி ஒரு மணி ஆனது.

பங்குனி பதினேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஒன்பதாவது பூச்சு வெந்தது.

எடுத்து வைத்தார்கள். நெருப்பு நிறம் வடிந்தது. கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. நன்றாக ஆறின பிறகு ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றி, ஆறு வெள்ளிக் கால்களைப் பூட்டி, பத்தர் அதைக் குறடால் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனார். நல்ல வெயில். உள்ளங்கையில் வைத்தார்.

கறுப்பு.

மெல்லக் கையைச் சாய்த்தார்.

பச்சை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்துவிட்டது. கழுத்தில் கிளம்பி முதுகில் பரவி ஓரத்தில் செம்பாக மாறி, இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் ஒரு நீலம் காட்டிவிட்டு, மறைந்தது. பத்தர் கையைத் திருப்பினார். மறுபடியும் வந்தது. உயிருள்ள ஜந்து ஒன்று உள்ளங்கையில் உட்கார்ந்து முதுகை அசைக்கிறது போலிருந்தது. அவரே செய்த கோடு, அவரே வைத்த பூச்சு. ஆனாலும் அவருக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வந்துட்டு வந்துட்டுப் போகுதுங்க," என்றார்.

காப்பிக்கொட்டைக்கு நடுவே அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வண்டை மடியில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கண்ணிலிருந்து அதுபாட்டுக்குத் தண்ணீர் வந்தது.

ஜெசிந்தாவும் குனிந்து பார்த்தார்.

"பதினொரு வருஷமா இந்த வேலை செய்யறேன் பத்தரே. இன்னும் பழகலை."

மறுநாள் பத்தர் மேலே வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் வண்டு. சணல் கயிறு போட்டு நாலு பக்கமும் கட்டியிருந்தார். மேலே ஓசூர் விலாசம்.

"டீச்சர், கூரியர்ல போட்டா ஒடையுமுங்களா?"

ஜெசிந்தா பெட்டியை வாங்கிக் கயிற்றை அவிழ்த்தார். பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒடையாது. நல்லாக் கட்டியிருக்கீங்க."

பத்தருக்கு நிம்மதியானது. "நாளைக்குக் காத்தாலயே கையில கெடைச்சிருமாமுங்க."

ஜெசிந்தா வண்டை எடுத்து மேஜையில், வெளிச்சம் படாத பக்கமாக வைத்தார்.

"இங்க உக்காருங்க. என்ன நெறம்?"

"கறுப்புங்க. கையில எடுத்தா..."

"எடுக்காதீங்க. உக்காந்தபடியே பாருங்க."

"கறுப்புத்தாங்க."

"அவங்க பெட்டியைப் பிரிச்சா இப்படித்தான் இருக்கும்."

பத்தர் யோசித்தார். "சாய்ச்சுப் பாக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வச்சிடறேனுங்க."

ஜெசிந்தா பேப்பரும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். பத்தர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். சூளை ஒரு தரம் சூடாகி அணைந்தது. கடைசியில் அவர் நீட்டிய பேப்பரில் ஒரே ஒரு வரி இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும்.

மருந்து பாட்டிலில் போட்டிருப்பது மாதிரி இருந்தது. பத்தருக்கே அது தெரிந்தது. ஜெசிந்தா படித்துவிட்டுப் பேப்பரை மேஜையில் வைத்தார்.

"கூரியர்காரன் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவான்," என்றார்.

பத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரியாமல் இல்லை. ஓசூருக்கு சேலத்திலிருந்து பஸ்ஸுக்கா பஞ்சம்.

"நேர்ல போலாமுங்க. போய் நின்னா, இருபத்தொம்பது வருஷத்துக்கு என்னன்னு சொல்றது? எனக்குப் பேச வராதுங்க டீச்சர்."

ஜெசிந்தா வண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பேச வேண்டாம் பத்தரே. பக்கத்துல உக்காந்து திருப்புங்க."